அளவு நோட்டில் என் பக்கம்

“ஆன்ட்டி, உங்க கால்ல ஊசி” என்றது இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை. அதன் அம்மா என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். இடது குதிங்காலின் ஓரத்தில் ஒரு குண்டூசி, தலை மட்டும் வெளியே தெரியும்படி ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காலோடு டீக்கடைக்குப் போய் வந்திருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்து இரண்டு லைனிங் ஜாக்கெட் முடித்திருக்கிறேன். பிடுங்கும்போதும் வலிக்கவில்லை.

“உங்களுக்கு ரொம்பத் தைரியம்க்கா” என்றார் அந்த அம்மா. நானும் சிரித்துவைத்தேன். 2022 தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. மேஜை கொள்ளாமல் துணி குவிந்து கிடக்கும்போது காலைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?

கோவில்பட்டியில் இருபது வருடத்துக்கு மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு 47 வயது. வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் வேலை, மகள் கல்லூரியில், கூடவே என் மாமியார். அத்தைக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. ஊசி ஏறிய இரண்டாவது வாரம் வந்தவர், அத்தைக்குப் பார்த்துவிட்டுப் பட்டையை மடிக்கும்போது, “அக்கா, உங்களுக்கும் ஒரு தடவை பாத்துருவோமா?” என்றார். கடைக்கு நேரமாகிவிட்டது. சரி, கேட்கிற பிள்ளையின் முகத்தை ஏன் முறிக்க வேண்டும் என்று கையை நீட்டினேன்.

பிரஷர் 154/96. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 287.

அவர் மிஷினைத் தட்டி, இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். 281. “அக்கா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். அத்தை பக்கத்திலிருந்து, “அவளுக்கா? அவ எனக்குல்ல மாத்திர எடுத்துக் குடுப்பா” என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. குண்டூசிக் கதையைச் சொன்னதும் என்னைப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு நைலான் இழையை என் உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, “இங்க தெரியுதா? இங்க?” என்று கேட்டார். வலது காலில் எல்லா இடமும் தெரிந்தது. இடது காலில் மூன்று இடத்தில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் நூலோடு கிடக்கிறவள் நான். விரல் நுனியில் நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் வித்தியாசம் சொல்லிவிடுவேன். அந்த நைலான் இழை என் காலில் பட்டது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை அழவைத்தது. 287 என்ற எண் அழவைக்கவில்லை.

மூணு மாச சர்க்கரை என்று எல்லோரும் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.1 வந்தது. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுவுக்கு ஏறத்தாழ 120 நாள்தான் ஆயுள். அது சுற்றிவருகிற நாளெல்லாம் அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிற சோதனை இது. முந்தின நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. “பல வருஷமா இருந்திருக்கும்மா, நீங்க கவனிக்கல” என்றார் டாக்டரம்மா. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, பிரஷருக்கு ஆம்லோடிபின் 5 ஒரு வேளை.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. அதைச் சுருக்காமல் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பிரயோசனப்படும்.

முதல் தப்பு, கண்ணாடி. ஊசியில் நூல் கோக்கத் தடுமாறியதால் உடனே போய் 1,400 ரூபாய்க்குப் பவர் கண்ணாடி போட்டேன். மாத்திரையில் சர்க்கரை இறங்க இறங்க அந்தக் கண்ணாடியில் எல்லாம் மங்கலாகிவிட்டது. சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பிப் பவர் மாறிவிடுமாம். சர்க்கரை சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகுதான் கண்ணாடி போட வேண்டும். ஆனால் விழித்திரையைப் பார்க்கிற சோதனைக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. எனக்கு விழித்திரையில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது தப்பு, சூரணம். மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கியது. கடைக்கு வரும் ஒருவர், “இங்கிலீஷ் மாத்திரை கிட்னியைத் தின்னுரும், இதைக் குடிங்க” என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். மேலே பெயரும் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்றும் இல்லை. 650 ரூபாய். மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறு வாரம் அதைக் குடித்தேன். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 240. டாக்டரம்மா திட்டவில்லை. “எப்ப மாத்திரை போடுவீங்க?” என்று கேட்டார். வெறும் வயிற்றில் டீயோடு என்றேன். “சாப்பாட்டோட போடுங்க, வயிறு பழகிடும்” என்றார். அவ்வளவுதான் விஷயம். பத்து நாளில் பழகிவிட்டது. நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. அரசு சித்தா பிரிவிலேயே போய்க் கேட்டிருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். பெயர் இல்லாத டப்பாவை நம்பியது என் புத்தி.

மூன்றாவது, கம்பு. எங்கள் கரிசல் காட்டுக்கு இது புதுசா என்ன? என் அம்மா கம்பும் குதிரைவாலியும் சாப்பிட்டு எழுபது வயதுவரை களையெடுத்தவர். ஆகவே அரிசியை ஒழித்துவிட்டு, காலையில் இரண்டு செம்பு கம்பங்கூழ், மத்தியானம் தட்டு நிறையக் குதிரைவாலிச் சோறு. சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நினைப்பு. அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் குனிந்து நின்றார், நான் சாப்பிட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டதும் அதே கதைதான். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் வெல்லப் பாகு என் ரத்தத்துக்குள் போனபின் ஊர்ப் பெருமை பார்ப்பதில்லை.

அளவு நோட்டு யோசனை 2023 வைகாசியில் வந்தது. கல்யாண சீசன் முடிந்து கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம். பழைய வாடிக்கையாளர் ஒருவர், “போன வருஷ அளவுக்கே தைங்கக்கா” என்று போனில் சொன்னார். “அதெப்படிம்மா, உடம்பு அப்படியேவா இருக்கும், வந்து குடுத்துட்டுப் போங்க” என்றேன். சொல்லிவிட்டு நோட்டை மூடும்போது ஒன்று தோன்றியது. ஊரில் பாதிப் பெண்களின் மார்புச் சுற்று, தோள், கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. என் பெயரில் ஒரு பக்கம் இல்லை. எனக்கு நான் தைப்பதெல்லாம் பழைய ஜாக்கெட்டை அளவு வைத்துத்தான். பிடித்தால் பக்கத் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்வேன்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் என் பெயரை எழுதினேன். டேப்பை எடுத்தேன். ஜாக்கெட்டுக்கு நாங்கள் எடுக்கும் இடுப்பு வேறு, டாக்டர்கள் கேட்கிற இடுப்பு வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு, டேப்பை இறுக்காமல் எடுக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ இஞ்சுக்குள் இருக்க வேண்டும், ஆண்களுக்கு 90. எனக்கு 38 இஞ்ச். நான் குண்டு இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கை கால் ஒல்லிதான். எல்லாம் வயிற்றில் இருந்திருக்கிறது.

அதன்கீழே கோடு போட்டு, தினம் எழுத ஆரம்பித்தேன்: பிரஷர், தூங்கிய மணி நேரம், டீ எத்தனை, தண்ணீர் எத்தனை பாட்டில், முழங்கால் வலி மாத்திரை போட்டேனா, அன்றைக்கு என்ன நடந்தது. அதுவரை முழங்காலுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், அடிக்கடி வரும் நீர்க்கடுப்புக்கு மெடிக்கல் கடைக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு சீட்டு. ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே பக்கத்தில் வந்தபோதுதான் ஒன்றோடொன்று தைத்திருப்பது தெரிந்தது.

முதலில் அகப்பட்டது வலி மாத்திரை. முழங்காலுக்கு வாரத்தில் நாலைந்து நாள் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவேன். நோட்டில், மாத்திரை போட்ட நாட்களிலும் அடுத்த நாளும் பிரஷர் தூக்கலாக இருந்தது. டாக்டரம்மாவிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கி இரண்டு நிமிடம் படித்தார். பின்னால் வரிசை நின்றது. இந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பிரஷரை ஏற்றும், சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும், சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகத்துக்கும் ஆகாது என்றார். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணி இறக்குகிற பயிற்சியைச் செய்யச் சொன்னார். தொடைத் தசை இறுகினால் முழங்காலுக்குப் பாரம் குறையுமாம். ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டி முடித்தால் ஒரு காலுக்குப் பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பஜாரில் கடை வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். எங்கள் வரிசையில் ஆறு கடை, ஒரு கழிப்பறை கிடையாது. காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு எட்டரைக்கு வீட்டில்தான். தாகம் நாக்கை வறட்டும், குடித்தால் போக வேண்டும், அதனால் குடிப்பதில்லை. தாகத்துக்கு டீ. நாளைக்கு ஆறு கிளாஸ். கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலே பன்னிரண்டு ஸ்பூன், ஐம்பது கிராமுக்குப் பக்கம். ஒருநாள் அதை வீட்டில் ஒரு டம்ளரில் அள்ளிப் போட்டுப் பார்த்தேன். பாதி டம்ளருக்குப் பக்கத்தில் வந்தது. சிறுநீரை அடக்குவதால் நீர்க்கடுப்பு, தொற்று வந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் தொற்று இன்னும் பிடிக்கும். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?” என்று டாக்டரம்மா கேட்டபோது, “காலைல வீட்ல, ராத்திரி வீட்ல” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்கு எந்த மாத்திரையும் இல்லை, ஒரு சாவிதான் வேண்டியிருந்தது. பின்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக் குடோன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. நானும், ஜெராக்ஸ் கடைப் பெண்ணும், ஃபேன்ஸி ஸ்டோர் மதினியும், பியூட்டி பார்லர் தங்கச்சியும் சேர்ந்து போய் முதலாளியிடம் கேட்டோம். வாயைத் திறக்கவே பத்து நிமிடம் ஆனது. அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து, “சாவிய குடுத்துவிடுங்க, இதெல்லாம் ஒரு பேச்சா” என்றார். சுத்தம் செய்கிறவருக்கு ஆளுக்கு மாதம் 100 ரூபாய். சிவப்பு லைனிங் துணியில் முடிந்து, அந்தச் சாவி என் கடை ஆணியில் தொங்குகிறது. சாவி வந்த பிறகு மத்தியானத்துக்குள் ஒரு லிட்டர் பாட்டில் காலியாகிறது. டீ இரண்டாகிவிட்டது, சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது கடையில் தெரியாமல் சர்க்கரை போட்டுத் தந்தால் திகட்டுகிறது. கடைசியாக நீர்க்கடுப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என் உடம்புக்கு நடந்ததிலேயே பெரிய வைத்தியம் எது என்று கேட்டால் நான் அந்த ஆணியைத்தான் காட்டுவேன்.

அடுத்தது செவ்வாய்க்கிழமை. என் பக்கத்தில் செவ்வாய்தோறும் பிரஷர் 150க்கு மேல். திங்கள் இரவுத் தூக்கம் மூன்று, நாலு மணி நேரம். என்னடா இது, செவ்வாய் தோஷமா என்று மகள் சிரித்தாள். செவ்வாய்க்கிழமைதான் வாரக் கடன் வசூல். அவள் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கியது. பத்துப் பெண்கள் சேர்ந்த குழு, நான் தலைவி. ஒருத்தி பணம் கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை யாரும் எழுந்து போக முடியாது. திங்கள் இரவே யார் வருவாள், யார் வரமாட்டாள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை, அவரும் கேட்டதில்லை. இரண்டு வளையலை வங்கியில் அடகு வைத்து, குறைந்த வட்டியில், அந்தக் கடனை முடித்தேன். எல்லோருக்கும் வளையல் இருக்காது, தெரியும். எனக்கு இருந்தும் இரண்டு வருடம் தோன்றவில்லை என்பதுதான் சங்கடம். முடித்த பிறகு வந்த மூன்றாவது செவ்வாய் 136/84.

தூக்கம் இன்னும் சரியாகவில்லை. வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து வரும் வாரம், கதவு தட்டும் சத்தத்துக்காகக் காது விழித்தே கிடக்கும். அவருக்கு ஒரு சாவி செய்து கொடுத்ததில் பாதி தீர்ந்தது. (என் கதையில் சாவி ரொம்ப வருகிறது.) தீபாவளிக்கு இரவு இரண்டு மணிவரை தைப்பதை விட்டுவிட்டேன். பதினொன்றுக்கு மேல் மெஷின் ஓடாது, ஐப்பசி பிறந்தபின் புதுத் துணி வாங்குவதில்லை. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்கிறார்கள். அது எனக்கு அடுத்த நாள் காலைக் கணக்கிலேயே தெரிகிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டருக்கு ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய்க்குப் பக்கம். தினமும் குத்திக்கொண்டிருக்க வசதியில்லை. அதனால் தையல்காரி புத்தியில், ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொரு தடவை பார்த்தேன். ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி: 236. இரண்டு செம்பு கம்பங்கூழ்: 221. அன்றைக்குத்தான் கம்பு மயக்கம் தெளிந்தது. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: 168. இதுதான் இப்போது காலைச் சாப்பாடு. கம்பை விடவில்லை, ஒரு டம்ளர், கூடவே பயறோ சுண்டலோ. மத்தியானம் முதலில் காய், பிறகு சோறு, அதுவும் கரண்டியால் அளந்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் பிரஷருக்காகக் குறைந்தன. கருவாட்டை முழுவதும் விடச் சொல்லாதீர்கள், மாதம் ஒரு நாள் உண்டு.

இரவுச் சாப்பாடு எட்டே முக்காலுக்கு. முடித்ததும் நானும் ஃபேன்ஸி ஸ்டோர் மதினியும் தெருவில் இருபது நிமிடம் நடக்கிறோம். சாப்பிட்டவுடன் நடந்தால் கால் தசைகள் ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதே சாப்பாட்டுக்கு நடந்த இரவு 152, நடக்காத இரவு 190. மதினிக்குச் சர்க்கரை இல்லை, கணவர் போய் மூன்று வருடம். அவர் பேசுவதற்காக வருகிறார். நான் காலுக்காகப் போனவள், இப்போது பேசத்தான் போகிறேன் போல.

2015இல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினேன். அதுவரை மிதி. நாளெல்லாம் இரண்டு காலும் ஆடிக்கொண்டே இருந்தது; மோட்டார் வந்ததும் ஒரு கால் நுனி மட்டும் அழுத்துகிறது, வேலை இரண்டு மடங்கு, உட்காருவதும் இரண்டு மடங்கு. என் இடுப்பு ஏறிய கதை அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். இது டாக்டர் சொன்னதில்லை, என் சந்தேகம். பழைய மிதி மெஷின் ஒன்று பரணில் கிடந்தது. பெல்ட் மாற்றி, எண்ணெய் போட்டு இறக்கிவிட்டேன். ஓரம் அடிப்பது, ஆல்டரேஷன் எல்லாம் அதில்தான்.

2025 தொடக்கத்தில் எடுத்த ஹெச்பிஏ1சி 6.8. இடுப்பு 35 இஞ்ச். மாத்திரை அதேதான், ஒன்றும் குறையவில்லை. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரக்கும் என்று அதையும் சோதித்தார்கள், சரியாக இருந்தது. இடது காலில் மூன்று இடத்தில் இரண்டு இப்போதும் அப்படியே. அது திரும்பாது போல என்று டாக்டரம்மா சொன்னார். மூன்றாவது இடத்தில் தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா என்று எனக்கே சந்தேகம்.

கடையில் வெறுங்காலோடு இருப்பதை விட்டுவிட்டேன். குதிகால் மூடிய மெத்தென்ற செருப்பு, மிதிக்கும்போதும். இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நூல் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க இழுப்பேன். பிறகு டிரையல் ரூம் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைப் பார்ப்பேன். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, விரலிடுக்கு. ஜெராக்ஸ் கடைப் பெண் ஒருநாள் சாவிக்கு வந்தவள் இதைப் பார்த்து, “என்னக்கா, காலுக்கு அளவெடுக்கீங்களா?” என்றாள்.

நேற்று காந்தத்தில் பதினொரு குண்டூசி, ஒரு உடைந்த மெஷின் ஊசி. காலில் ஒன்றும் இல்லை.